மதிப்பீட்டில் மேட்டுக்கும் ஒரு வரி

துருக்கி, சிரியா, இராக் நாடுகளில் டைகிரிஸ், யூப்ரடிஸ் ஆறுகளிலும் அவற்றின் துணையாறுகளிலும் அணை திட்டமிடும் பொறியாளர்களுக்கும், அந்தக் கோப்புகளில் கையெழுத்திடும் அமைச்சக அதிகாரிகளுக்கும் ஒரு திறந்த மடல்

வணக்கம்.

நான் உங்கள் தொழில்காரன். பாசன வேலையில் 34 ஆண்டு இருந்து ஓய்வு பெற்றவன். உங்கள் ஆறுகளை நேரில் பார்த்ததில்லை. அப்படியிருக்க உங்களுக்கு ஏன் எழுதுகிறேன் என்றால், நான் செய்த ஒரு காரியத்தைச் சொன்னால்தான் புரியும்.

உதவிப் பொறியாளராகச் சேர்ந்த புதிதில் ஒரு சிறிய நீர்த்தேக்க வேலை. ஊர்ப்பெயர் வேண்டாம். மூழ்கு பகுதியை அளந்துகொண்டு போனபோது ஓடையோரத்தில் ஆள் உயரத்துக்கு ஒரு மேடு. லெவல் கருவியின் முக்காலியை எங்கே ஊன்றினாலும் கீழே பானை ஓடு நொறுங்கும் சத்தம். உள்பக்கம் கறுப்பு, வெளிப்பக்கம் சிவப்பு. ஸ்டாஃப் என்ற அளவுகோலைப் பிடித்தவர் உள்ளூர்க்காரர். "பழைய ஊர் சார் இது, ஓட்டாங்காடும்போம்" என்றார். நான் குறித்துக்கொண்டது மேட்டின் மட்டத்தை மட்டும்தான். எங்கள் அட்டவணையில் மரத்துக்கு ஒரு பத்தி இருந்தது. கிணற்றுக்கு, ஓட்டு வீட்டுக்கு, கூரை வீட்டுக்கு, மாட்டுக் கொட்டகைக்குக்கூட இருந்தது. ஓட்டாங்காட்டுக்கு இல்லை. மூன்று மாதம் கழித்து ஒப்பந்தக்காரர் மண் எடுக்க இடம் தேடினார். சாம்பல் கலந்த உதிரி மண், கரைக்கு ஆகாது என்று சோதனைக்கூடம் சொல்லிவிட்டது. அணுகுசாலைக்கு ஆகும் என்று எழுதிக் கொடுத்தவன் நான்தான். நான்கே நாளில் மேடு டிப்பரில் ஏறிப் போய்விட்டது.

அப்போது அது உறுத்தவில்லை. ஓய்வுக்குப் பிறகு, படிக்க நேரம் கிடைத்து, உங்கள் ஆறுகளின் பக்கம் நடந்த அகழாய்வுகளைப் பற்றிப் படிக்கத் தொடங்கிய பின்தான் உறுத்த ஆரம்பித்தது. மெசபடோமியாவின் ஆதி கிராமங்களைப் பற்றி உலகம் இன்று அறிந்திருப்பதில் பெரும்பங்கு, அணைக்காக அவசர அவசரமாகத் தோண்டிய மேடுகளிலிருந்து வந்தது. தப்கா, ஹம்ரின், மொசூல், அதாதுர்க், இலிசு என்று ஒவ்வோர் அணையின் பெயரோடும் சில மேடுகளின் பெயர் ஒட்டிக்கொண்டிருக்கிறது. மேட்டைக் காட்டிக் கொடுத்ததும் அணை, மூழ்கடித்ததும் அணை.

அணை வேண்டாம் என்று சொல்ல வரவில்லை. தண்ணீருக்கு ஏங்கும் நாட்டில் பிறந்தவன் அப்படிச் சொல்ல மாட்டேன். நான் கேட்பது மதிப்பீட்டில் ஒரு தலைப்பு, கால அட்டவணையில் சில ஆண்டுகள்.

முதலில் மேட்டின் கதை. உங்களுக்குத் தெரிந்ததுதான். அரபியில் டெல், துருக்கியில் ஹொயூக். மண்சுவர் வீட்டின் ஆயுள் ஒரு தலைமுறை, மிஞ்சினால் இரண்டு. கூரை இற்றதும் சுவரைத் தள்ளிச் சமன்செய்து அதன்மேலேயே அடுத்த வீட்டைக் கட்டுவார்கள். அடுப்புச் சாம்பல், கடித்துப் போட்ட எலும்பு, உடைந்த சட்டி எல்லாம் அங்கேயே மிதிபட்டுக் கிடக்கும். இப்படி நூறு தலைமுறை வாழ்ந்தால் ஊர் தன் குப்பையின் மேலேயே ஏறி நிற்கும். யூப்ரடிஸ் கரையில் அபு ஹுரேரா மேடு சில இடங்களில் 8 மீட்டர் உயரம். அத்தனையும் மனிதர்கள் போட்ட மண்.

ஆனால் அது பச்சை மண். இதை ஒரு டம்ளரிலேயே பார்த்துவிடலாம். பழைய மண்சுவரிலிருந்து எலுமிச்சம்பழ அளவுக்கு உலர்ந்த கட்டி ஒன்றை எடுத்துக் கண்ணாடி டம்ளர் தண்ணீரில் மெல்ல விடுங்கள். முதலில் சரசரவென்று காற்றுக் குமிழ் ஏறும். அப்புறம் ஓரம் பொலபொலவென்று உதிரும். சிறிது நேரத்தில் அடியில் சேறு, மேலே கலங்கல், மிதக்கும் இரண்டு வைக்கோல் துணுக்கு, அவ்வளவுதான். கரையில் மண் சிதறுமா என்று பார்க்க நாம் செய்கிற சோதனைதான் இது. வீட்டில் பேத்திக்கு இதைச் செய்து காட்டினேன். "அந்த ஊரு இப்படித்தான் கரைஞ்சு போச்சா?" என்று கேட்டாள்.

முழுக்க அப்படி இல்லை. அதையும் பொறியாளராகச் சொல்ல வேண்டும். இடிபாட்டுக்கு அடியில் புதைந்து, அசைவற்ற நீரில் கிடக்கும் மண்சுவர் வியக்கத்தக்க அளவுக்குத் தாங்கும். 2022 தொடக்கத்தில் மொசூல் நீர்த்தேக்கம் வற்றியபோது கெமூனே என்ற இடத்தில், மிட்டானி என்ற பழைய அரசின் காலத்து நகரம் ஒன்று வெளியே வந்ததே, அதன் சுவர்கள் ஏறக்குறைய 40 ஆண்டு தண்ணீருக்குள் இருந்தும் பல இடங்களில் நின்றன. ஜெர்மானிய, குர்திய ஆய்வாளர்கள் ஓட்டமும் நடையுமாகத் தோண்டிவிட்டு, நீர் ஏறுவதற்குள் பிளாஸ்டிக் விரிப்பும் சரளையும் போட்டு மூடினார்கள். ஆபத்தெல்லாம் நீர் ஏறி இறங்கும் பட்டையில்தான். அலை வந்து அறையும், வெயில் காய்ச்சும், மறுபடி அலை. அந்தப் பட்டையில் மாட்டிக்கொண்ட மேடு சில பத்தாண்டுகளில் சப்பையாகிவிடும். எங்கள் மேட்டூர் அணையில் நீர் இறங்கினால் பண்ணவாடிப் பக்கம் நந்தி சிலை தலைகாட்டும். 1934இல் முழுகிய கல் நந்தி, கும்பிட்டுப் படம் எடுத்துக்கொண்டு வருவார்கள். கல்லுக்கு அந்தக் கொடுப்பினை உண்டு. களிமண்ணுக்கு இல்லை.

இப்போது அபு ஹுரேராவுக்கு வருகிறேன். நான் எழுத உட்கார்ந்ததே அந்த ஒரு மேட்டால்தான்.

சிரியாவில் யூப்ரடிஸின் குறுக்கே தப்கா அணை வேலை 1968இல் தொடங்கியது. அந்த மேட்டைத் தோண்ட ஆண்ட்ரூ மூர் என்ற ஆங்கிலேயத் தொல்லியலாளருக்குக் கிடைத்தது 1972, 1973 என இரண்டே அகழாய்வுப் பருவம். மேட்டின் பரப்பு 11.5 ஹெக்டேர். ஏழு குழி போட்டார்கள். அடுத்த ஆண்டு ஏரி நிரம்பியது.

அந்த இரண்டு பருவத்தில் கிடைத்ததைப் பாருங்கள். அடியில், சுமார் 13,000 ஆண்டுகளுக்கு முன், வேட்டையாடியும் காட்டுத் தாவரங்களைச் சேகரித்தும் வாழ்ந்தவர்களின் குழிவீடுகள். அவர்கள் ஊர் ஊராகத் திரிந்தவர்கள் அல்லர், ஓரிடத்தில் தங்கியவர்கள். விவசாயம் வந்த பிறகுதான் மனிதன் ஓரிடத்தில் உட்கார்ந்தான் என்று நாமெல்லாம் பள்ளியில் படித்தோமே, இந்த ஊர் அந்த வரிசையையே மாற்றிப் போட்டது. முதலில் உட்கார்ந்தார்கள், அப்புறம்தான் விதைத்தார்கள். ஆண்டுதோறும் கோடைத் தொடக்கத்தில் மான்கூட்டம் அந்த வழியே வரும், மொத்தமாக அடித்துக் கறியைச் சேமிப்பார்கள். மேலே உள்ள அடுக்குகளில் மான் எலும்பு குறைகிறது, ஆடு பெருகுகிறது, கோதுமை, பார்லி, பருப்பு வகைகள் வருகின்றன, சிற்றூர் பேரூராகிறது. சுமார் 8,000 ஆண்டுகளுக்கு முன் ஊர் காலியானது.

இதெல்லாம் எப்படித் தெரிந்தது? மண்ணைத் தண்ணீரில் போட்டு. ஆமாம், அதே டம்ளர் விளையாட்டுத்தான். கோர்டன் ஹில்மன் என்ற தாவரவியலாளர் தோண்டிய மண்ணைத் தொட்டித் தண்ணீரில் கலக்க ஏற்பாடு செய்தார். கரிந்த விதைகள் கனம் குறைந்தவை, மேலே மிதந்து வரும். அவற்றை நுண்சல்லடையில் வடித்துக் காயவைத்து உருப்பெருக்கியில் வைத்து இனம் பிரித்தார்கள். முதல் குடியிருப்புக் காலத்திலேயே 150க்கும் மேற்பட்ட தாவர இனங்கள் கணக்கில் வந்தன. 70 ஹெக்டேர் நெல்வயலுக்குத் தண்ணீர்க் கணக்குப் போட்டவன் நான், இந்தக் கணக்கைப் பார்த்து வாயடைத்துப் போனேன்.

அப்புறம் ஒரு கால் பெருவிரல். லண்டன் இயற்கை வரலாற்று அருங்காட்சியகத்தின் தேயா மோலசன் அங்கே கிடைத்த எலும்புக்கூடுகளை ஆராய்ந்தார். பல பெருவிரல்களின் அடிமூட்டு தேய்ந்து, ஓரம் தடித்திருந்தது. முழங்காலில் தேய்மானம். இடுப்புக்கு மேலே முதுகெலும்பின் கடைசிக் கணுக்களில் சேதம். என்ன வேலை செய்தால் மூன்றும் ஒரே உடம்பில் வரும்? நம் அம்மியைப் போன்ற சாய்கல்லைத் தரையில் வைத்து, முன்னால் மண்டியிட்டு, பாதத்தை நிமிர்த்தி விரல்களைத் தரையில் மடக்கி ஊன்றி, இரண்டு கையாலும் குழவியை முன்னே தள்ளிப் பின்னே இழுக்க வேண்டும். தள்ளும்போதெல்லாம் உடல் பாரம் பெருவிரலில் இறங்கும். ஒரு குடும்பத்துக்கு மாவு அரைக்க நாள்தோறும் மணிக்கணக்காக. பாதிக்கப்பட்டவர்கள் பெரும்பாலும் பெண்கள். மாவில் கல்துணுக்கு கலந்திருந்ததால் பல் உடைந்தவர்களும் உண்டு. கூடைக்கு நாரைப் பல்லில் கவ்விக் கவ்வி, பல்லில் காடி விழுந்தவர்களும் உண்டு. சல்லடை புழக்கத்துக்கு வந்த பிறகு பல் சேதம் குறைந்ததாம். என் பாட்டி அம்மியிலிருந்து எழுந்திருக்கும்போது இடுப்பில் கைவைத்து ஒரு நொடி நிற்பாள். அது ஏன் என்று எனக்குத் தெரிய யூப்ரடிஸ்வரை போய்வர வேண்டியிருந்தது.

எந்த அரசனின் கல்வெட்டிலும் இது கிடைக்காது. எழுத்து பிறக்க இன்னும் ஆயிரக்கணக்கான ஆண்டு இருந்தபோது வாழ்ந்த ஒரு பெண்ணின் முதுகுவலி இது.

சரி, இழந்தது என்ன? அந்த முதல் குடிகள் கடுங்குளிர் வறட்சி வந்த காலத்திலேயே ரை என்ற தானியத்தைப் பயிரிடத் தொடங்கினார்கள் என்று ஹில்மன் சொன்னார். உண்மையானால் உலகின் மிகப் பழைய பயிர்ச் சான்றுகளில் ஒன்று. விதை எண்ணிக்கை மிகக் குறைவு, போதாது என்று மறுத்தவர்கள் பலர். சாதாரணமாக இப்படி ஒரு சண்டை வந்தால் என்ன செய்வார்கள்? பழைய குழிக்குப் பக்கத்தில் இன்னொரு குழி போட்டுப் பார்ப்பார்கள். இங்கே பார்க்க முடியாது. குழியும் அதன் பக்கமும் தப்கா அணையின் அசாத் ஏரிக்கு அடியில். இரண்டு பருவத்துக்குப் பதில் ஐந்து பருவம் இருந்திருந்தால் இந்த வழக்கு என்றைக்கோ முடிந்திருக்கலாம்.

தோண்டியது இரண்டு பருவம். முழு அறிக்கை நூலாக வந்தது 2000இல். தோண்டி முடித்த 27 ஆண்டு கழித்து. யாரையும் குறை சொல்வதற்கில்லை. ஒரு நாள் தோண்டினால் பல நாள் உட்கார்ந்து பிரிக்க வேண்டிய வேலை இது, அந்தப் பல நாளுக்கு எந்த அணைத் திட்டமும் பணம் ஒதுக்குவதில்லை. நம் வேலையில் அணை முடிந்த பிறகு ஆவணப்படுத்தலுக்கு, வரைபடத்துக்கு, கருவி அளவீட்டுக்கு எல்லாம் பணம் வைக்கிறோமே, அது போல இதற்கும் வைக்க வேண்டும்.

அதே அணையால் வீடிழந்த அரபுக் குடும்பங்களை ‘மக்மூரீன்’ என்றார்கள். மூழ்கடிக்கப்பட்டவர்கள் என்று பொருள். 13,000 ஆண்டு பழைய ஊர்க்காரர்களுக்கும் அந்தப் பெயர் பொருந்தும்.

இன்னொரு மேடு, துருக்கியில். அதாதுர்க் அணைக்காக ஹரால்ட் ஹாப்ட்மன் குழுவினர் 1983 முதல் 1991 வரை நெவாலி சோரி என்ற இடத்தில் தோண்டினார்கள். மறு ஆண்டு அது முழுகியது. சின்ன ஊர்தான், ஆனால் நடுவில் ஒரு பொதுக்கட்டடம், அதில் ஆங்கில ‘டி’ எழுத்தின் வடிவில் சுண்ணாம்புக் கல்தூண்கள், சில தூண்களின் பக்கவாட்டில் செதுக்கிய கைகள். அங்கே வேலை செய்தவர்களில் ஒருவர் கிளாவுஸ் ஷ்மிட். 1994இல் அவர் கோபெக்லி தெபே குன்றில் ஏறியபோது, மண்ணுக்கு மேலே துருத்திக்கொண்டிருந்த கற்களைப் பார்த்ததுமே, நெவாலி சோரியில் கண்ட அதே ‘டி’ தூண்கள் என்று புரிந்துவிட்டது. 1963இல் அதே குன்றைச் சுற்றிப் பார்த்த ஆய்வுக்குழு அந்தக் கற்களை இடைக்காலக் கல்லறைகள் என்று நினைத்துப் போய்விட்டிருந்தது. அவர்கள் கண்ணில் குறையில்லை. அவர்கள் நெவாலி சோரியைப் பார்த்திருக்கவில்லை, அவ்வளவுதான். இன்று கோபெக்லி தெபேக்குச் சுற்றுலாப் பேருந்துகள் போகின்றன. அந்தக் கதவின் சாவி ஏரிக்கு அடியில் கிடக்கும் ஒரு கிராமத்தில் கிடைத்தது. சாவியைக் கண்டெடுக்கும் முன்பே மதகை மூடியிருந்தால்?

இராக் பொறியாளர்களுக்குத் தனியாக ஒன்று. உங்கள் ஹம்ரின் அணை எனக்குப் பிடித்த முன்மாதிரி. இதை உபசாரத்துக்குச் சொல்லவில்லை. 1970களின் கடைசியில், தியாலா ஆற்றில் நீர் தேங்குவதற்கு முன், உங்கள் தொல்லியல் துறை உலகத்தையே கூப்பிட்டது. ஜப்பான், இத்தாலி, ஜெர்மனி, பிரிட்டன், பிரான்ஸ் என்று பல நாட்டுக் குழுக்கள் வந்து, இராக்கியக் குழுக்களோடு சேர்ந்து 70க்கும் மேற்பட்ட மேடுகளில் வேலை செய்தன. எல்லாம் ஒரே பள்ளத்தாக்கில் இருந்ததால், தனித்தனி ஊராக இல்லாமல் ஒரு வட்டாரமே தெரிய வந்தது.

அவற்றில் டெல் அபாதா. சுமார் 7,000 ஆண்டு பழைய உபைது காலக் கிராமம். சபா அப்பூத் ஜாசிம் தலைமையில் தோண்டியபோது ஓர் ஓரத்தில் குழிபோட்டுத் திருப்தியடையாமல், ஊரை ஏறக்குறைய முழுசாகத் திறந்தார்கள். நடுமண்டபமும் இருபுறமும் அறைகளுமாக வீடுகள், இடையில் சந்து, பானைச் சூளைகள். ஒரு வீடு மட்டும் மற்றவற்றைவிடப் பெரியது. அதன் தரைக்கடியில் 50க்கும் மேற்பட்ட குழந்தைகளைத் தாழிகளில் புதைத்திருந்தார்கள். ஏன் அந்த வீட்டில் மட்டும் என்பது இன்னும் விவாதம்தான். கோவிலா, பெரிய வீட்டுக்காரரின் மனையா? அதே வீட்டில் உருண்டை, கூம்பு, வில்லை வடிவில் சின்னச் சின்னக் களிமண் காய்கள் கிடைத்தன. சரக்கு எண்ணும் காய்கள், எழுத்துக்கே முன்னோடி என்று சொல்பவர்கள் உண்டு. எழுத்து தெரியாத ஊரில் வரவுசெலவு நடந்திருக்கிறது!

என்னை எழுந்து உட்காரவைத்தது வேறு. அபாதாவில் ஒன்றுக்குள் ஒன்று செருகிய சுடுமண் குழாய்கள். ஊருக்குத் தண்ணீர் கொண்டுவரக் குழாய் பதித்திருக்கிறார்கள், ஐயா. குழாய் இணைப்பில் கசிவு வந்தால் என்ன செய்தார்கள் என்று கேட்க எனக்கு ஆசை.

பக்கத்து மேடு டெல் மத்ஹூர். மைக்கேல் ரோஃப் தலைமையில் பிரிட்டிஷ் குழு. அங்கே ஒரு வீடு எரிந்து இடிந்திருந்தது. எரிந்ததால் மண் சுட்டுக் கெட்டியாகி, சுவர்கள் ஏறக்குறைய இரண்டு மீட்டர்வரை நின்றன. வீட்டுக்காரர்கள் எடுக்க நேரமில்லாமல் விட்டுப்போன பானைகள், அரைக்கும் கற்கள், தக்களி வில்லைகள், கவணுக்கான களிமண் உருண்டைகள் எல்லாம் வைத்த இடத்திலேயே. அந்தக் குடும்பத்துக்குக் கெட்ட நாள், நமக்கு நல்ல நாள். எந்த அறையில் சமைத்தார்கள், எங்கே நூற்றார்கள் என்று அறை அறையாகச் சொல்ல முடிந்தது.

தியாலாவுக்குச் சற்றுக் கிழக்கே, மந்தலிப் பக்கம், சோகா மாமி. இது அணைக்காகத் தோண்டியதல்ல. ஜோன் ஓட்ஸ் என்ற அறிஞர் 1967, 68இல் தோண்டினார். சமாரா காலம், சுமார் 8,000 ஆண்டு. மேட்டின் ஓரமாகச் சரிவுக்குக் குறுக்கே சமமட்டத்தை ஒட்டி ஓடும் வாய்க்கால் தடம் கிடைத்தது. உலகில் இதுவரை தெரிந்த மிகப் பழைய பாசன வாய்க்கால்களில் ஒன்று. அங்கே மழை மானாவாரிப் பயிருக்குப் போதுமா போதாதா என்ற விளிம்பில் நிற்கும், அதாவது ஆண்டுக்கு 200 மில்லிமீட்டர் கோட்டை ஒட்டி. ஓர் ஆண்டு விளையும், மறு ஆண்டு பொய்க்கும். ஓடையிலிருந்து மண்வெட்டியால் கீறித் தண்ணீரை வயலுக்குத் திருப்பலாம் என்று யாரோ ஒருவர் நினைத்திருக்கிறார். அவரிடம் லெவல் கருவி இல்லை. தண்ணீரை விட்டுப் பார்த்து, நிற்கும் இடத்தில் வெட்டி, மறுபடி விட்டுப் பார்த்திருப்பார். கடைமடையில் இன்றும் எங்கள் விவசாயிகள் அப்படித்தான் செய்கிறார்கள். சமாரா அருகே டெல் எஸ்-சவ்வானில் கிடைத்த ஆளிவிதையின் பருமனைப் பார்த்து, இது பாசனப் பயிர்தான் என்று தாவரவியலாளர் ஹான்ஸ் ஹெல்பேக் சொன்னதும் இந்தக் கதையோடு சேரும்.

ஆக, நீங்கள் மூழ்கடிப்பது யாரோ ஒரு பழங்காலத்தவரின் ஊரை அல்ல. நம் தொழிலைத் தொடங்கியவர்களின் ஊரை.

உங்களில் ஒருவர் இப்போது ஒன்று கேட்பார்: அணை இல்லையென்றால் அந்த மேடுகளை யார் சீந்தியிருப்பார்கள்? நியாயமான கேள்வி. பாதி உண்மையும்கூட. ஆனால் கேள்வியை முன்வைத்து மேட்டைத் தேடிப் போனவர்களும் இருந்தார்கள். சிகாகோவின் தொல்லியலாளர் ராபர்ட் பிரெய்ட்வுட் 1948 முதல் குர்திஸ்தான் மலையடிவாரத்தில் ஜார்மோவைத் தோண்டினார். காட்டுக் கோதுமையும் காட்டு ஆடும் இயல்பாக வாழும் மேட்டுச்சரிவில்தான் விவசாயம் பிறந்திருக்கும் என்பது அவர் எண்ணம். அதைச் சோதிக்க ஏற்ற இடமாக அந்த ஊரைப் பிடித்தார். சுமார் 25 வீடு, 150 பேர் இருந்திருக்கலாம் என்று கணித்த சின்ன ஊர். தாவரவியலாளர், விலங்கியலாளர், நிலவியலாளர் எல்லோரையும் கூடவே கூட்டிப்போனார். அவர் கேள்வியால் ஒரு மேட்டைத் தேர்ந்தார். நாம் முழு நீர்மட்டக் கோட்டால் தேர்கிறோம். கான்டூர் கோட்டுக்குக் கீழே விழுந்த ஊரைப் பற்றி மனித குலம் அவசரமாகக் கொஞ்சம் தெரிந்துகொள்ளும், மேலே இருப்பது காத்திருக்கும். நாம் வரையும் அந்த ஒரு கோட்டுக்கு இவ்வளவு அதிகாரம் இருக்கிறது என்பதை எனக்கு எந்தக் கல்லூரியிலும் சொல்லித் தரவில்லை.

நேரமில்லை என்ற பதிலையும் நான் ஒத்துக்கொள்ள மாட்டேன். மொசூல் அணையை எடுத்துக்கொள்ளுங்கள். ஜிப்சம் பாறைமேல் அணை கட்டி, நீர் அதைக் கரைக்கக் கரைக்க, 1980களிலிருந்து ஓயாமல் அடித்தளத்தில் சிமெண்ட் பால் செலுத்திக்கொண்டிருக்கிறீர்கள். 2014இல் அந்த இடம் சில நாள் ஆயுதக்குழுவின் கைக்குப் போனபோது உலகமே மூச்சைப் பிடித்துக்கொண்டிருந்தது. அடித்தள ஆய்வுக்கு இன்னும் இரண்டு ஆண்டு கூடுதலாகக் கொடுத்திருக்கலாமே என்று எந்தப் பொறியாளருக்கும் தோன்றும். அந்த இரண்டு ஆண்டு, அதே அணைக்காக நெம்ரிக் என்ற இடத்தில் தோண்டிய போலந்துக் குழுவுக்கும் பயன்பட்டிருக்கும். வட்ட வீடுகளும் பறவைத் தலை செதுக்கிய கற்களும் கிடைத்த ஊர் அது. அவசரப்பட்டுக் கட்டிய அணைக்கு அணையே முதல் பலி.

இப்போது மக்கூல் அணை. டைகிரிஸில், ஆஷூருக்குக் கீழே. 2003இல் ஆஷூரை உலகப் பாரம்பரியப் பட்டியலில் சேர்த்த அன்றே ஆபத்திலிருக்கும் இடம் என்றும் குறித்தார்கள், காரணம் இந்த அணைதான். போர் வந்து வேலை நின்றது. 2021இல் மறுபடி பேச்சு எழுந்தது. ஆஷூருக்குக் குரல் கொடுக்க ஆள் இருக்கிறது. அசீரியப் பேரரசின் தலைநகர், பெயர் சொன்னாலே உலகம் திரும்பிப் பார்க்கும். அதே மூழ்கு பகுதியில் நூற்றுக்கும் மேற்பட்ட தொல்லியல் இடங்கள் இருக்கின்றன. அவற்றில் இரண்டு மீட்டர் உயரத்தில், ஆடு மேயும், பெயரே இல்லாத மேடுகளுக்காக யார் பேசுவது? இலிசு அணைக்காக ஹசன்கெய்ஃப் ஊரின் பழைய கல்லறைக் கோபுரத்தைச் சக்கரத்தில் ஏற்றி நகர்த்திய படம் ஊரெல்லாம் சுற்றியது. அதற்குப் பக்கத்திலேயே ஜப்பானியக் குழு தோண்டிய, சுமார் 11,500 ஆண்டு பழைய ஹசன்கெய்ஃப் ஹொயூக் எத்தனை பேர் கண்ணில் பட்டது? குடியிருப்பு மேட்டைச் சக்கரத்தில் ஏற்ற முடியாது. அதன் பொருள் அடுக்கில் இருக்கிறது, அடுக்கு இடத்தில் இருக்கிறது.

நான் கேட்பதை அலுவலக மொழியில் சொல்லிவிடுகிறேன். மூழ்கு பகுதி அட்டவணையில் மரம், கிணறு, வீடு என்ற தலைப்புகளோடு தொல்லியல் மேடு என்று ஒரு பத்தி. அதைப் பொறியாளர் நிரப்பக் கூடாது, எங்களுக்குத் தெரியாது. தொல்லியலார் நிரப்ப வேண்டும், முதல் அளவெடுப்பின்போதே. மதகு மூடும் நாளிலிருந்து பின்னோக்கி எண்ணினால் குறைந்தது ஐந்து முழுப் பருவம் அவர்களுக்கு. ஆய்வுப் பணமும் அறிக்கைப் பணமும் தனித்தனியாக, அறிக்கைப் பணத்தை அணை முடிந்த பிறகும் பத்தாண்டு தொடும்படி. கிடைத்த பொருளை வைக்க ஒழுங்கான கிடங்கு. சிரியாவில் சபி அப்யத் என்ற மேட்டில் எரிந்துபோன, 8,000 ஆண்டு பழைய கிராமத்தில் சுமார் 300 களிமண் முத்திரைப் பதிவுகள் கிடைத்தன. இப்படி அரும்பாடுபட்டு எடுத்தவற்றை வைத்திருந்த ரக்கா கிடங்கு போரில் சூறையாடப்பட்டது. கிடங்கை அணை காலனியின் பாதுகாப்பு வளையத்துக்குள் கட்டினால் செலவு ஒன்றும் ஆகாது, காவலாளி எப்படியும் இருக்கிறார்.

இயக்க விதிகளிலும் ஒரு வரி வேண்டும். வறட்சியில் நீர் இறங்கும் ஆண்டுகளில் எந்த மேடு எந்த மட்டத்தில் வெளியே வரும் என்ற பட்டியலைத் தொல்லியல் துறைக்கு முன்கூட்டியே கொடுங்கள். நீர்மட்டம் தினமும் நீங்கள் எழுதுவதுதானே. கெமூனே போல ஓட வேண்டியிருக்காது. அப்புறம், மண் எடுக்கும் இடத்துக்கு அனுமதி தரும் தாளில் ‘மேடு அல்ல’ என்று ஒருவர் பெயரோடு கையெழுத்து. இந்தக் கடைசி ஒன்றை மட்டுமாவது செய்யுங்கள், இதற்குப் பைசா செலவில்லை.

இது நடக்காத காரியமல்ல. கிருஷ்ணா ஆற்றில் நாகார்ஜுனசாகர் அணைக்காக 1954 முதல் 1960 வரை ஒரு பள்ளத்தாக்கையே தோண்டி, கிடைத்தவற்றில் பலவற்றை நீர் எட்டாத உயரத்துக்கு மாற்றினார்கள். பணமில்லாத நாடு, புதிதாக விடுதலை பெற்ற நாடு அது. உங்கள் ஹம்ரினும் அப்படித்தான். ஒரு முறை செய்தவர்களிடம் இன்னொரு முறை கேட்கிறேன்.

போன ஆண்டு அந்தச் சிறிய நீர்த்தேக்கத்துக்குப் போயிருந்தேன். என்னைத் தெரிந்தவர் யாரும் அங்கே இல்லை. அணுகுசாலையில் நடந்தபோது, மழை அரித்த சரிவில் ஓடுகள் தெரிந்தன. உள்ளே கறுப்பு, வெளியே சிவப்பு. கையகலத் துண்டு ஒன்றை எடுத்து வந்தேன். விளிம்பில் ஒரு விரல் ஓடிய பள்ளம் இருக்கிறது, சுண்டுவிரல் சரியாகப் பொருந்துகிறது. எந்த அடுக்கில், எந்த ஆழத்தில், எதன் பக்கத்தில் கிடந்தது என்று யாராவது கேட்டால் என்னிடம் இருக்கும் பதில் இவ்வளவுதான்: சாலைத் தொடக்கத்திலிருந்து செயினேஜ் 640 மீட்டர், இடப்புறச் சரிவு.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற பாசனப் பொறியாளர் ஒருவர்